ஏழு தட்டுச் சீர்

நெஞ்சு அடிக்குது. நெஞ்சு இல்ல, போனு. சட்டைப் பையில கிடந்து துடிக்குது, மேல ரோசா மாலை கிடக்குறதுனால அந்தத் துடிப்பு மாலைக்கும் ஏறி, இதழ் ஒண்ணு ரெண்டு என் கால் மேலயே உதிருது. எடுக்க முடியாது. தலைப்பாகை கட்டி, கையில தாம்பாளத்தோட, மருமகன் காதுகுத்துக்குச் சீர் கொண்டுபோற தாய்மாமன் நடுரோட்டுல நின்னு போன் பேசுனா நல்லாவா இருக்கும்? பேசாட்டியும் நல்லா இருக்கப்போறதில்ல. கூப்பிடுறது யாருன்னு எனக்குத் தெரியும். வெள்ளைச்சாமி. சீர்த் தட்டு வாடகைக்கு விடுற வெள்ளைச்சாமி. அடுத்த முக்குல, கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்துல, நாப்பத்திநாலு தட்டோட வேனைப் போட்டுக்கிட்டு நிக்கிறான். எங்க ஏழையும் சேத்தா அம்பத்தொண்ணு. நாங்க முக்குத் திரும்பும்போது அந்தத் தட்டெல்லாம் எங்க பின்னால வந்து சேந்துக்கிரணும், அப்படித்தான் பேச்சு. அவனை வரச்சொன்னது நான். எனக்கு முன்னாடி முதல் தட்டை ஏந்திக்கிட்டு, என்னமோ அரண்மனைக்குப் போற மாதிரி நிமிந்து நடக்குறாளே என் பொண்டாட்டி சுகந்தி, அவளுக்கு இது தெரியாது. தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன். அவ முதுகைப் பாத்தா எதுவும் சொல்ல முடியல. அரக்குப் பட்டு. அதே அரக்குப் பட்டு. எந்த விசேஷத்துக்கும் அதுதான். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, "என்ன சுகந்தி, இந்தக் காதுகுத்துக்கும் அதே சேலைதானா"ன்னு கேட்டுச்சு. இவ சிரிச்சுக்கிட்டே, "உடம்பும் அதேதானக்கா, அதுக்கு ஒண்ணும் புதுசு எடுக்கலையே"ன்னா. அந்தக்கா அதுக்கப்புறம் கொத்தமல்லி வெலை பேச ஆரம்பிச்சிருச்சு.

பிள்ளையார் கோயில்ல இருந்து மண்டபம் ரெண்டே தெரு. ரெண்டு தெருன்னு யாரு சொன்னது, எனக்கு ரெண்டு ஊரா இருக்கு. முன்னால ஒரு நாயனம், ஒரு தவில். அதுக்குப் பின்னால சுகந்தி. மஞ்சள் குங்குமம் வெத்தலை பாக்கு தேங்காய் வச்ச தட்டு அவ கையில. அவளுக்குப் பின்னால நான், என் தட்டுல சின்னப் பெட்டியில தோடு. பின்னால என் மக ஓவியா, மருமகனுக்கு எடுத்த பட்டு வேட்டி சட்டை. அப்புறம் என் தங்கச்சிக்கு எடுத்த சேலையோட என் மாமியார், ரெண்டு பக்கத்து வீட்டுக்காரங்க, கடைசியா கோட்டைச்சாமிச் சித்தப்பா. சித்தப்பா கையில வாழைப்பழத் தாரு. மூடு துணி கிடையாது, ஜிகினா கிடையாது, எல்லாத் தட்டும் திறந்து கிடக்கு. தையக்காரி சுகந்தி வீட்டுச் சீருக்கு ஒரு மூடு துணி இல்ல! "மூடலேன்னா எல்லாருக்கும் தெரியுமேடி"ன்னேன் காலையில. "தெரியட்டுங்க, தெரியத்தான கொண்டுபோறோம்"ங்கிறா. வாசல்ல நிக்கிற பொம்பளைங்க வாயெல்லாம் லேசா அசையுது. எண்ணுறாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு உதடு அசையிறது எனக்குத் தெரியுது. ஏழுல வந்து உதடு நிக்குது, நின்னதும் கண்ணு எங்களைத் தாண்டிப் பின்னால போகுது, மிச்சம் எங்கேன்னு. மிச்சம் இல்லங்கிறப்போ ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிறாங்க. ஒரு வார்த்தை கிடையாது. சொல்லவே மாட்டாங்க. ஏதாச்சும் சொன்னாத் திருப்பிச் சொல்லலாம், சண்டை போடலாம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லம்பாங்க, வாயே திறக்காம பேசுற ஊருக்கு என்னத்தைப் போட்டு மூட? பின்னால சித்தப்பா முனகுறாரு. "ஏழு தட்டுக்கு எதுக்குடா நாயனம், ஒரு ஆட்டோவுல போயி எறங்கிருக்கலாம்ல." சித்தப்பா, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வாங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

இவங்க எண்ணுறதுக்குக் காரணம் இருக்கு. போன மாசம் இதே வாடிப்பட்டி, இதே தெரு, இதே மண்டபம். என் தங்கச்சி வளர்மதியோட ஓரகத்தி பவித்ரா, அதான் வளருவோட கொழுந்தன் பொண்டாட்டி, அவ பிள்ளைக்குக் காதுகுத்து. அவ அண்ணன் கொண்டாந்தான் சீரு. நூத்தியோரு தட்டு. செட்டு மேளம், வாணவேடிக்கை, மாலை போட்ட கிடா, எல்லாத்துக்கும் முன்னால கால்ல சலங்கை கட்டுன குதிரை. குதிரை ஆடுச்சுய்யா. பின்னங்காலை ஊனி முன்னங்காலைத் தூக்கி, மண்டபத்து வாசல்ல நின்னு ஆடுச்சு. நாங்களும் விருந்தாளியா வந்து பாத்தோம். வளரு என் பக்கத்துலதான் நின்னா. அவ குதிரையைப் பாக்கல. அவ மாமியார் மொகத்தைப் பாத்துக்கிட்டு நின்னா. அந்தம்மா மொகத்துல அப்படி ஒரு பூரிப்பு, பெத்த மகன் கலெக்டரான மாதிரி. அடுத்த மாசம் நம்ம பிள்ளைக்கு, அப்படின்னு வளரு நெனைச்சது எனக்குக் காதுலயே கேட்டுச்சு. ரெண்டு மருமகளுக்கும் ஒரே அடுப்படி. ஒரே அடுப்படின்னா என்னன்னு ஆம்பளை எனக்குக் கொஞ்சம்தான் தெரியும், சுகந்திக்கு முழுசாத் தெரியும். மறுநா வளரு போன் பண்ணுனா. "அண்ணே, நீ கடனைக் கிடனை வாங்கிராதே, உன்னால முடிஞ்சதைச் செய்யிண்ணே." அந்த "முடிஞ்சதை"ங்கிற எடத்துல கொரல் கம்மிப்போச்சு. சின்னதுல இருந்தே இவ இப்படித்தான். திருவிழாவுல பலூனு வேணும்னாக் கேக்க மாட்டா, "எனக்கு வேணாண்ணே"ம்பா, சொல்லிட்டு அங்கயே நிப்பா. அம்மாவுக்குப் பின்னால அப்பாவும் போனப்போ அவ பாவாடை கட்டுற பிள்ளை. தூக்கி வளத்தவன் நான். அவ புகுந்த வீட்டுல இன்னிக்கு நான் ஏழு தட்டோட போயி நின்னா, நாளைக்கு அடுப்படியில அவ கை எப்படி நிமிரும்? இதுதான். இந்த ஒண்ணுதான் என்னைப் போட்டு அரிக்குது. என் மானம் போனாப் போயிட்டுப் போகுது, எனக்கென்ன, நான் ஊருக்குப் போயி ஒயரிங் வேலையைப் பாப்பேன். அவ அங்கதான கிடக்கணும்.

அன்னைக்கு ராத்திரி, இல்ல, சாயங்காலந்தான், விளக்கு வச்ச நேரம். சுகந்தி தையல் மிஷின்ல இருந்தா. சொன்னேன். எப்படியும் அம்பத்தொரு தட்டாச்சும் வேணும், உன் வளையலை வச்சா ஆயிரும், ரெண்டு வருசத்துல திருப்பிரலாம்னேன். மிஷினை நிறுத்தல. தச்சுக்கிட்டே, "என்னத்தை வைக்கப்போறீங்க அம்பத்தொரு தட்டுல?"ன்னா. நான் யோசிச்சேன். பழம், இனிப்பு, பிஸ்கோத்து, சாக்லேட்டு, அப்புறம் ஒரு தட்டுல சோப்பு, ஒரு தட்டுல பொம்மை... இருபதுக்கு மேல எனக்கே போகல. அவதான் எடுத்துக் குடுத்தா: "ஒரு தட்டுல கடலைமிட்டாய், ஒரு தட்டுல சீப்பு கண்ணாடி. சொல்லுங்க, இன்னும் ஒரு இருபத்தொம்பது இருக்கு." சிரிப்பா வந்துச்சு, கோவமாவும் வந்துச்சு. கத்தினேன். உனக்கென்ன, உன் தங்கச்சியா, என் தங்கச்சின்னு சொல்லிப்பிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அப்பத்தான் மிஷினை நிறுத்துனா. என்னைப் பாத்து, "காதுக்குத் தோடு, இடுப்புக்கு வேட்டி, உக்கார ஒரு மடி. தாய்மாமன் சீருன்னா இம்புட்டுத்தாங்க. தோட்டுக்கு நான் சேத்து வச்சிருக்கேன். வேட்டிக்கும் ஆகும். மடி உங்களுது, அதை யாருகிட்டயும் வாங்க முடியாது"ன்னா. வளையல் பேச்சையே எடுக்கல. எடுக்காம விட்டதும் எனக்குத்தான் என்னமோ பண்ணுச்சு. எங்கம்மா கழுத்து ஞாபகம் வந்துருச்சு. எங்க அத்தை வீட்டு விசேஷத்துக்குச் சீர் செய்ய எங்கப்பா அம்மா சங்கிலியைக் கழட்டி வச்சாரு. மஞ்சக் கயித்துல தாலியைக் கோத்துக்கிட்டு, கொஞ்ச நாள்தானன்னு அம்மா சிரிச்சுச்சு. அந்தக் கயிறு நைஞ்சு நைஞ்சு மாத்தி, மாத்தி... அது செத்தப்பவும் கழுத்துல கயிறுதான். இத்தனைக்கும் அந்தச் சீர்ல என்ன போச்சு என்ன வந்துச்சுன்னு இன்னிக்கு ஊர்ல ஒரு நாய்க்கும் ஞாபகம் இல்ல. இதெல்லாம் தெரியும். எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் வெள்ளைச்சாமிகிட்டப் போனேன்.

திரும்பவும் போன் அடிக்குது. ஐயோ இவன் விட மாட்டான். நாயனக்காரரு நல்ல ஆளு, ஏழு தட்டுக்கு வாசிக்கிறோம்னு கொறைச்சு வாசிக்கல, கன்னம் உப்ப வாசிக்கிறாரு. வெள்ளைச்சாமி குடோனுக்கு நான் ஒயரிங் வேலைக்குப் போனப்பத்தான் விசயமே தெரிஞ்சுச்சு. அதுவரைக்கும் தட்டு அலங்காரம் மட்டுந்தான் வாடகைன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். இவன் பண்டத்தோடயே வாடகைக்கு விடுறான். பழமெல்லாம் மெழுகு. மேல மட்டும் நாலு நெசப் பழம். இனிப்புப் பெட்டிக்குள்ள வைக்கோலு. பொம்மை, வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி ஒண்ணு, பட்டுச்சேலை மாதிரி ஒண்ணு. தூக்கிக்கிட்டு நடக்க ஒரே மாதிரிச் சேலை கட்டுன பொம்பளைங்களும் அவனே கூட்டியாந்துருவான். முன்வாசல் வழியா உள்ள போகும், மேடைக்கு முன்னால வரிசையா வச்சு வீடியோ எடுப்பாங்க. பந்தி ஓடும்போது, எல்லாரும் இலையப் பாத்துக்கிட்டு இருக்கும்போது, பின்வாசல் வழியாத் திரும்பி வேன்ல ஏறிரும். "நம்மகிட்ட எல்லாம் கௌரவமா நடக்கும்ணே"ன்னான். கௌரவமா! அப்புறம் அவன் சொன்னதுதான் என்னைத் தூக்கிப் போட்டுச்சு. "போன மாசம் வாடிப்பட்டியில ஒரு காதுகுத்து, நூத்தியோரு தட்டு, நம்ம சப்ளைதான். குதிரையும் நாந்தான் ஏற்பாடு." அடப்பாவி. பவித்ரா அண்ணன் கொண்டாந்த நூத்தியோரு தட்டும் மெழுகும் வைக்கோலுமா! அதைப் பாத்துத்தான் என் தங்கச்சி கொரல் கம்மிப்போச்சா! புலியப் பாத்துப் பூனை சூடு போட்டுக்கிருச்சும்பாங்க, இங்க புலியே பூனைதானய்யா, யாரோ கோடு இழுத்து விட்ருக்கான். நியாயமா நான் என்ன பண்ணியிருக்கணும்? சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்து சுகந்திகிட்டச் சொல்லியிருக்கணும், வளருகிட்டச் சொல்லியிருக்கணும். நான் என்ன பண்ணேன்? அவன் கையில அட்வான்ஸைக் குடுத்துட்டு வந்தேன். பொய்யின்னு தெரிஞ்ச பிறகும் அந்த நூத்தியொண்ணு என் மண்டைக்குள்ள நூத்தியொண்ணாவேதான் நின்னுச்சு. எங்க ஏழு எங்க, அது எங்க. அன்னையில இருந்து, இந்த ஊருல ஒருத்தருக்கும் தெரியாத இம்புட்டுப் பெரிய சேதியை வச்சுக்கிட்டு யாருகிட்டயும் சொல்ல முடியாம வயித்துக்குள்ள பூட்டிக்கிட்டுத் திரியுறேன். சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு சுகந்தி கேப்பாளே.

முக்கு தெரியுது. கரும்புச்சாறு வண்டி தெரியுது, மிஷின்ல கட்டுன மணி ஆடுது. வேனோட மூக்கும் தெரியுது. சிவப்பா ஏதோ தெரியுது வேனுக்குள்ள, ஜிகினா போட்ட சிவப்பு. தட்டு மூடுற துணி. சிவப்புச் சாட்டின்ல சுத்தி வரத் தங்கக்கலர் லேசு. இதை எங்கயோ பாத்திருக்கேன். குடோன்ல பாத்தேன். குடோன்ல மட்டுமா? வேற எங்கயோ. வீட்டுல. எங்க வீட்டுல, மிஷினுக்குப் பக்கத்துல, கட்டில் மேல, கட்டிலுக்கு அடியில, மாசக்கணக்கா மலை மாதிரிக் கிடந்துச்சே! என்னடி இதுன்னு கேட்டதுக்கு, "ஒரு ஆர்டருங்க, தாம்பாள மூடி"ன்னாளே! ஆத்தாடி. நான் அது மேலயே தலை வச்சுத் தூங்கியிருக்கேனே. அப்போ இவளுக்கு வெள்ளைச்சாமியைத் தெரியும். அப்போ போன மாசம் குதிரை ஆடும்போது, நூத்தியோரு தட்டு வரிசையா உள்ள போகும்போது, இவ எங்க பக்கத்துல நின்னு பாத்தது அத்தனையும் இவ கையால தச்ச துணி. எல்லாம் தெரிஞ்சுதான் நின்னிருக்கா. அன்னைக்கு வீட்டுக்குத் திரும்புறப்போ பஸ்ஸுல என்ன சொன்னா? "லேசு நல்லா எடுத்துக் காட்டுதுங்க." அம்புட்டுத்தான். யாரோ ரவிக்கையச் சொல்றான்னு நெனைச்சேன் நான், முட்டாப்பய. வளருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தப் பவித்ரா மானம் அடுப்படியில கிழிஞ்சு தொங்கியிருக்கும், நாங்க ஏழு தட்டு கொண்டுபோறது பெரிய பெருமையா ஆயிருக்கும். சொல்லல. எங்கிட்டயே சொல்லல. அம்பத்தொரு தட்டு வேணும்னு நான் கத்துன அன்னைக்கு, அதை எடுத்து என் மொகத்துல வீசியிருக்கலாம். வீசல. அவ மிஷின்ல இருந்த துணியே அதுவாத்தான் இருந்திருக்கும், நான் கத்தக் கத்த அவ லேசு வச்சுத் தச்சுக்கிட்டு இருந்திருப்பா. இந்தப் பொம்பளை என்ன தின்னு வளந்தா? எங்க இருந்து வருது இந்தத் தைரியம்? தைரியம்கூட இல்ல, தைரியம்னா எனக்கும் ரெண்டு கிளாஸ் உள்ள போனா வரும். இது வேற என்னமோ. எனக்கு அவ காலைத் தொட்டுக் கும்பிடணும் போல இருக்கு, அதே சமயம் இந்த மாலை தலைப்பாகையோட சாக்கடையில குதிச்சிரணும் போலயும் இருக்கு.

முக்குத் திரும்பிட்டோம். வெள்ளைச்சாமி வேனை விட்டுக் குதிச்சுட்டான். ஒரே மாதிரி மஞ்சச் சேலை கட்டுன பொம்பளைங்க தட்டைத் தூக்க ரெடியா நிக்கிறாங்க. அவன் என்னைப் பாத்துக் கையைத் தூக்குறான், தூக்குன கை பாதியில நின்னு போச்சு. முன்னால நிக்கிறவளைப் பாத்துட்டான். "அக்கா! நீங்களா! உங்க வீட்டு விசேஷமா இது? சொல்லவே இல்ல! நீங்க தச்ச மூடிதான்க்கா எல்லாம், பாருங்க, பிரமாதம்!" நாயனம் நின்னுருச்சு. தவில்காரரு வேர்வையத் துடைக்கிறாரு. தெருவே பாக்குது. சுகந்தி வேனைப் பாத்தா, மஞ்சச் சேலைங்களைப் பாத்தா. அப்புறம் திரும்பி என்னைப் பாத்தா. ஒரு தடவைதான். அதுல கோவம் இருந்தா நல்லா இருந்திருக்கும், ஏதாச்சும் பதில் சொல்லியிருப்பேன். பசிச்சு வந்த பிள்ளையைப் பாக்குற மாதிரி இருந்துச்சு. கத்தப்போறா, நடுத்தெருவுல தட்டைப் போட்டுட்டு ஊருக்குப் பஸ் ஏறப்போறான்னு தாம்பாளத்தை நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டேன். அவ வெள்ளைச்சாமி பக்கம் திரும்பி, சாதாரணமா, "தம்பி, எடம் மாறி வந்துட்டீங்க போல. எங்க வீட்டுல இருந்து யாரும் சொல்லலையே"ன்னா. வெள்ளைச்சாமி என்னைப் பாக்குறான். எல்லாரும் என்னைப் பாக்குறாங்க. அவ மட்டும் பாக்கல. அவ ரோட்டைப் பாத்துக்கிட்டு நிக்கிறா, நீயே சொல்லுய்யான்னு வாசலைத் திறந்து விட்டுட்டு. கண்ணுக்குள்ள குதிரை ஆடுது. வளரு மாமியார் மொகம் வருது. பலூன் கடை முன்னால வேணாண்ணேன்னு சொல்லிட்டு நிக்கிற பிள்ளை வருது. அப்புறம் என் வாய்தானான்னு எனக்கே தெரியாம, "ஆமாப்பா, இது இல்ல. நீ கெளம்பு"ன்னேன். அவன் தலையச் சொறிஞ்சான். அட்வான்ஸ் போனது போனதுதான், போகட்டும். "வாசிங்கண்ணே"ன்னு சுகந்தி சொன்னா, நாயனம் விட்ட எடத்துல இருந்து பிடிச்சுச்சு. பின்னால சித்தப்பா, "யாருடா அவன், நல்ல வேனா வச்சிருக்கான்"ங்கிறாரு. நடக்குறேன். இனி ஒண்ணும் செய்ய முடியாது, ஏழு தட்டுத்தான்.

மண்டபத்து வாசல். வளரு ஆரத்தித் தட்டோட நிக்கிறா. அவ உதடு அசையல, அவ எண்ணல. அதுக்குப் பதிலா அவ கண்ணு என் தோளைத் தாண்டிப் பின்னால ரோட்டுக்குப் போயி, ரொம்ப தூரம் போயி, ஒண்ணும் இல்லாமத் திரும்பி வந்துச்சு. "வாண்ணே"ன்னா. கண்ணு நெறைஞ்சிருக்கு, சிரிக்கிறா. பக்கத்துல அவ மாமியார், "வாங்க வாங்க, அம்புட்டுத்தானா? பின்னால வண்டி கிண்டி வருதா?"ங்குது. நான் பூமிக்குள்ள போறேன். சுகந்தி சொன்னா: "அம்புட்டுத்தான் பெரியம்மா. நீங்க கொஞ்சம் வழி விட்டா உள்ள கொண்டுபோயிருவோம், கை வலிக்குது." அந்தம்மா வழி விட்டுருச்சு. கையில இருக்குற கனத்தை யாரு சந்தேகப்பட முடியும்? பவித்ரா தூணோரமா நின்னு ஒவ்வொரு தட்டாப் பாக்குறா. திறந்து கிடக்குற தட்டு. நெசப் பழம், ஈ மொய்க்குது. அவ சுகந்தியைப் பாக்குறா. மூடி தச்சது யாருன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குமோ என்னமோ, சுகந்தி அவளைப் பாத்து, "பிள்ளைக்குக் காது ஆறிருச்சாம்மா? தேங்காண்ணெய் போடுறீங்கள்ல?"ன்னு கேட்டா. பவித்ரா தலையை ஆட்டுனா. அதுக்கப்புறம் அவ தட்டுகளைப் பாக்கல.

மொட்டை அடிச்சுச் சந்தனம் பூசுன தலையோட மருமகன் லிங்கேசைக் கொண்டாந்து என் மடியில வச்சாங்க. மூணு வயசு. மண்டபத்துல அம்புட்டுச் சத்தம், அவனுக்கு நான்தான் தெரிஞ்ச ஆளு, ரெண்டு கையாலயும் என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டான், மாலை நசுங்கிருச்சு. சந்தனமும் பால் வாடையும். ஆசாரி ஊசியோட வர்றாரு. அவன் ஒடம்பு விறைக்குது. மாமா இருக்கேன்டா, மாமா இருக்கேன். ஒரு குத்து, அலறுறான், என் நெஞ்சுக்குள்ள மூஞ்சியப் பொதைக்கிறான், இன்னொரு குத்து. ரெண்டு சொட்டு ரத்தம் என் வேட்டியில. தோடு ஏறிருச்சு. சின்னத் தோடு, பொட்டு மாதிரி மின்னுது. அவன் அழுதுக்கிட்டே ஒரு கையால என் கழுத்தைக் கட்டிக்கிட்டு விட மாட்டேங்கிறான். மடி உங்களுது, அதை யாருகிட்டயும் வாங்க முடியாதுன்னாளே. நூத்தியொண்ணு, அம்பத்தொண்ணு, ஏழு, ஒண்ணுமே ஞாபகம் இல்ல. சுகந்தி எங்க? அவ மேடைக்குக் கீழ நின்னு, எட்டிப் பாத்து, ரத்தம் நின்னுருச்சான்னு கையால கேக்குறா. நின்னுருச்சு. நின்னுருச்சுடி.

பந்தி ஓடுது. சாம்பார் வாளி ஓடுது. பிள்ளை என் தோள்ல தூங்கிட்டான். வளரு வந்து சுகந்தி கையைப் பிடிச்சு ஸ்டோர் ரூம் பக்கம் இழுக்குறா, என்னையும் கண்ணால கூப்பிடுறா. உள்ள எங்க ஏழு தட்டும் பெஞ்சு மேல வரிசையா இருக்கு. அவ முந்தானை முடிச்சுல இருந்து ஒரு சாவியை எடுத்தா. "மதினி, பின்வாசலைத் திறந்துட்டேன். எல்லாரும் இலையில உக்காந்துட்டாங்க. வண்டிக்காரனைச் சீக்கிரம் எடுத்துக்கிரச் சொல்லுங்க, யாரும் பாக்குறதுக்குள்ள."

எனக்கு ஒண்ணும் புரியல. சுகந்திக்கும் புரியலதான். "என்னத்தைத் தாயி எடுக்க?"

"தட்டைத்தான் மதினி. போன மாசம் பவித்ரா வீட்டுது இந்தப் பக்கமாத்தான் போச்சு. நான்தான் சாவி வாங்கித் திறந்து விட்டேன், அவ அழுதுக்கிட்டே நின்னா, பாவம். அண்ணன் ஏழுக்கே எம்புட்டு வாடகை குடுத்துச்சோ. நீங்க கூச்சப்படாதீங்க, எனக்கு எல்லாம் தெரியும்."

அப்போ இவளுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்சுதான் அவ கொரல் கம்மிச்சு, எனக்கும் தூக்கம் போச்சு. பவித்ராவும் அழுதிருக்கா. யாரை ஏமாத்த யாரு ஆடுனோம்? குதிரைக்கு மட்டுந்தான் தெரியாம இருந்திருக்கும்.

சுகந்தி அவ கையைத் தட்டுப் பக்கம் இழுத்து, சேலைத் தட்டுல வச்சா. "தொட்டுப் பாரு வளரு. வாடகை இல்ல. உனக்குன்னு கொண்டாந்தது. பழம் இன்னிக்கே பழுத்திரும், நாளைக்குள்ள பிள்ளைங்களுக்குக் குடுத்துரு. சேலைக்கு அடியில ரவிக்கை இருக்கு, உன் பழைய அளவுதான், கை மட்டும் கொஞ்சம் தளத்தி விட்டிருக்கேன், பிள்ளை பெத்த பிறகு உனக்கு இறுக்கிப் பிடிக்குதுன்னு சொன்னேல்ல."

வளரு சேலையை வெலக்கி ரவிக்கையை எடுத்தா. திருப்பித் திருப்பிப் பாத்தா. தையலை உள்பக்கமாத் திருப்பிப் பாத்தா, தளத்தி விட்ட எடத்தைத் தடவுனா. "இது திரும்பிப் போகாதா மதினி?"ன்னு கேட்டா, சின்னப் பிள்ளை மாதிரி. "போகாதுடி"ன்னா சுகந்தி. அம்புட்டுத்தான், அவ தோள்ல சாஞ்சுக்கிட்டா, சத்தம் வராம, வாயில முந்தானையை வச்சுக்கிட்டு அழுகுறா. என் தோள்ல பிள்ளை அசையுறான். நான் அவன் முதுகைத் தட்டிக்கிட்டு நிக்கிறேன். என்னை யாரும் பாக்கல, நல்லதாப் போச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மூக்கை உறிஞ்சிக்கிட்டு, ரவிக்கையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, அந்தச் சாவியை எடுத்துக்கிட்டுப் போயி வளரு பின்வாசலைப் பூட்டிட்டு வந்தா.